பதினான்கு நல்ல நாட்கள்

சர்க்கரைப் பரிசோதனைக்கு மூன்று நாள் இருக்கும்போதே இனிப்பை ஒதுக்கி, சோற்றைக் குறைத்து, விடிந்ததும் நாலு தெரு நடந்து, ரிசல்ட்டைக் காட்டி டாக்டரிடம் சபாஷ் வாங்கி, வெளியே வந்ததும் எதிர்க்கடையில் ஜாங்கிரி தின்கிற ஜனங்கள் நாம். டாக்டர் திட்டிவிடுவாரே என்ற பயம்தான் காரணம், வேறொன்றுமில்லை. நானும் பலமுறை செய்திருக்கிறேன். இப்படிப்பட்ட ஜனங்களுக்காக, இந்தப் பழக்கத்தைக் கொஞ்சமும் கணக்கில் எடுக்காமல் நாங்கள் ஒரு கருவி செய்தோம். அதை வைத்து என் அக்காவை நான் என்ன செய்தேன் என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

கருவிக்கு இணக்கி என்று பெயர். புளியங்கொட்டை அளவு. கழுத்தெலும்புக்குக் கீழே தோலுக்கு அடியில் வைத்துத் தைத்துவிடுவார்கள். அதைத் தயாரித்த கோயம்புத்தூர் கம்பெனியில் நான் பன்னிரண்டு வருடமாக இன்ஜினீயர். ஒவ்வொரு நோயாளியின் முதல் இரண்டு வாரப் பதிவையும் படித்துப் பார்த்து, 'இயல்பானது' என்று ஒப்பமிடுவது என் வேலை. என் கையெழுத்து விழுந்தால்தான் கருவி வேலையைத் தொடங்கும். இந்துமதி கையெழுத்துப் போட்டால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்று ஆபீசில் சொல்வார்கள். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது.

அக்கா கோகிலவாணி ஈரோட்டில் மெஸ் நடத்திக்கொண்டிருந்தாள். அங்கே சாப்பிட்டவர்கள் ருசியை மறந்தாலும் திட்டை மறக்க மாட்டார்கள். இலையில் சோற்றை மிச்சம் வைத்துவிட்டு எழுந்த ஒரு தாசில்தாரைத் தோளைப் பிடித்து அழுத்தி மறுபடி உட்கார வைத்தவள். அவரும் மறுநாள் வந்து ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டுப் போனார். எனக்கும் அதே வாய்தான். ஒரு வித்தியாசம் உண்டு. அவள் திட்டிய மறுநிமிடம் மறந்துவிட்டு மோர் ஊற்றுவாள். நான் ஞாபகம் வைத்திருந்து இன்னொரு தடவை திட்டுவேன்.

அவளுக்குப் பதினெட்டு வருடமாகச் சர்க்கரை. ஐம்பத்திரண்டாவது வயதில், உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்ட ஆரம்பித்தது. ஒரே மாதத்தில் இரண்டு முறை அடுப்படியில் விழுந்தாள். இரண்டாவது முறை கொதிக்கிற சாம்பார் அண்டாவுக்கும் அவளுக்கும் ஒரு முழம்தான் இடைவெளி. அன்றைக்கே பஸ் ஏறிப் போய் அவள் முன்னால் நின்றேன்.

"அந்தக் கெரகம் உள்ள போயி என்னத்தப் பண்ணும்?" என்று கேட்டாள். கீரை ஆய்ந்துகொண்டிருந்த கை நிற்கவில்லை.

"பந்தியில திடீர்னு ஆள் கூடிப்போச்சுன்னா நீ என்னக்கா பண்ணுவே?"

"தேவகிய ஒரு பார்வ பாப்பேன். அவ அடுப்பக் கூட்டுவா. பரிமாறுறவன் நடையை எட்டிப் போடுவான். எல கழுவுறவ எலயோட வந்து நிப்பா. வாயத் தொறக்கறதே இல்ல."

"உடம்புக்குள்ளயும் அதே பார்வதான். நீ எந்திரிச்சு நின்னா ரத்தம் காலுக்கு எறங்கும். கழுத்துல இருக்கற ரத்தக்குழா அதைக் கவனிச்சு மூளைக்குச் சொல்லும். மூளை இதயத்தப் பாத்து வேகமா அடிங்கும், கால் ரத்தக்குழாயை இறுக்கிப் பிடிங்கும், கிட்னிகிட்ட தண்ணிய வெளிய விட்றாதேங்கும். உனக்கு இதயமும் நல்லா இருக்குது, கிட்னியும் பரவால்ல. சேதி கொண்டு போற நரம்பைத்தான் சர்க்கரை அரிச்சுப்போட்டுது. ஒருத்தர் சொல்றது இன்னொருத்தருக்குப் போய்ச் சேர்றதில்ல."

"அப்ப ஆளுங்கெல்லாம் இருக்கறாங்க, மேஸ்திரியக் காணோம்னு சொல்லு."

"அதேதான். இது புது மேஸ்திரி."

"புதுசா வர்ற மேஸ்திரிக்கு ஆளுங்களப் பழக வேண்டாமா?"

அவள் படித்தது எட்டாம் வகுப்பு. ஆனால் எங்கள் ஆராய்ச்சிக்குழு இரண்டு வருடம் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வியை அவள் கீரை ஆய்ந்தபடியே கேட்டுவிட்டாள். அதற்குத்தான் பழக்க நாட்கள் என்று பதினான்கு நாள் வைத்திருந்தோம். எழுந்து நின்றால் என்ன செய்வது என்பதை நாங்களே அதற்குள் எழுதி வைத்திருந்தோம், மற்றதைத்தான் அது கற்க வேண்டும். அந்த நாட்களில் இணக்கி எதிலும் தலையிடாது, கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கும். இந்த உடம்பு நடந்தால் மூச்சு எவ்வளவு ஏறுகிறது, சாப்பிட்டால் எந்தச் சுரப்பி எப்போது விழிக்கிறது, கோபம் வந்தால் இதயம் எங்கே போய் எங்கே திரும்புகிறது, எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளும். பதினைந்தாம் நாள் பூட்டிவிடுவோம். அதன்பிறகு, அந்தப் பதினான்கு நாளில் தான் பார்க்காத எதையும் அது கோளாறு என்று எடுத்துக்கொண்டு சரிசெய்யும்.

பூட்டாமல் விட்டால் நோயையும் சேர்த்துக் கற்றுக்கொள்கிறது என்று ஆரம்பத்திலேயே கண்டிருந்தோம். ஒருவருக்கு உள்காய்ச்சல் இருந்ததை அவருடைய சுபாவம் என்றே அது நினைத்துவிட்டது. அதனால்தான் பூட்டு. பூட்டைத் திறந்து மறுபடி பழக்குவதற்கும் ஒரு விதி உண்டு. நோயாளியே தன் வாயால், அரசு அதிகாரி முன்னால் கேட்க வேண்டும். சொந்தக்காரர்கள் கேட்டால் செல்லாது. அப்பா ராத்திரியெல்லாம் புலம்புகிறார், கொஞ்சம் அடங்கி இருக்கிற மாதிரி பழக்கிக் கொடுங்கள் என்று ஒரு மகன் வந்து கேட்ட பிறகு எழுதின விதி அது. நல்ல விதி என்று நானும் கையைத் தூக்கி ஆதரித்தேன்.

இன்னொரு விதியும் இருந்தது. பழக்க நாட்களை நோயாளி தன் வழக்கமான இடத்தில், வழக்கமான வேலையோடு கழிக்க வேண்டும். அதை நான் மீறினேன். ஆபரேஷன் முடிந்ததும் அக்காவைக் கோயம்புத்தூரில் என் ஃபிளாட்டுக்குக் கூட்டிவந்து, ஏ.சி. அறையில் படுக்க வைத்தேன். பதினான்கு நாளும் கருவி உதவி செய்யாதே, அடுப்படியில் மறுபடி விழுந்துவிடுவாளே என்ற பயம் ஒரு காரணம். அவள் அந்த மெஸ்ஸை இழுத்து மூடிவிட்டு என்னோடு வந்து இருந்துவிட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. அது இன்னொரு காரணம். படிவத்தில் தொழில் என்ற இடத்தில் 'ஓய்வு' என்று எழுதினேன்.

மூன்றாம் நாள் ஆபீசிலிருந்து அவளுடைய பதிவைப் பார்க்கிறேன், பதினோரு மணிக்குச் சர்க்கரை செங்குத்தாக ஏறியிருக்கிறது, பின்னாலேயே இதயமும். உடனே போன் போட்டேன்.

"என்னத்தக்கா தின்னே?"

"கீழ பேக்கரிக்காரன் தேங்கா பன்னு போட்டிருந்தான். ஒண்ணே ஒண்ணு. அப்புறம் அவன் மீதிச் சில்லற குடுக்காம ஏமாத்தப் பாத்தான், ரெண்டு வார்த்த கேட்டேன்."

நான் போனிலேயே கத்தினேன். உனக்காக நான் இங்கே எத்தனை பேரிடம் நின்றேன் தெரியுமா, என் மானத்தை வாங்காதே, பதினாலு நாள் வாயையும் வயிற்றையும் கட்ட முடியாதா என்று. பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மறுமுனையில் அக்கா "செரி அம்மிணி" என்று போனை வைத்தாள். எல்லோரையும் திட்டுகிறவள் என்னிடம் மட்டும் அடங்கிவிடுவாள். படித்தவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று ஒரு நம்பிக்கை.

அன்றிலிருந்து அவள் நல்ல பிள்ளை ஆகிவிட்டாள். உப்பில்லாத கஞ்சி, ஒன்பது மணிக்குத் தூக்கம், மாலையில் பால்கனியில் இருபது நடை. யாரிடமும் சத்தம் போடவில்லை. தேவகி மெஸ்ஸிலிருந்து போன் பண்ணினால்கூட எடுக்கவில்லை. பதிவு துடைத்த பலகையாக இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. டாக்டர் அன்வரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர்தான் எங்கள் குழுவின் தலைவர், நிதானமான மனிதர். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இவங்க சமையல் வேலை பாக்கறவங்கன்னு சொன்ன ஞாபகம். வியர்வைப் பதிவே இல்லையேம்மா?"

"மெஸ்ஸை விட்டுட்டாங்க சார். இனிமே என்கூடத்தான்."

சொல்லும்போது அது பொய் என்றே எனக்குத் தோன்றவில்லை. நடக்கப்போகிறதைத்தானே சொல்கிறோம் என்று நினைத்தேன். கையெழுத்துப் போட்டேன். பூட்டினார்கள். பதினாறாம் நாள் அக்கா பையைத் தூக்கிக்கொண்டு ஈரோட்டுக்கு பஸ் ஏறினாள். "போதும் சாமி, உன்ற வீட்டுக் கஞ்சி" என்று சிரித்தாள். அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவள் எழுந்து நடந்தபோது கண் இருட்டவில்லை, அந்தச் சந்தோஷத்தில் வாயைத் திறக்கவில்லை.

ஒன்பது நாள் ஒன்றும் ஆகவில்லை. பத்தாம் நாள் ஒரு கல்யாண ஆர்டர். சித்திரை மாத வெயில், நாலு அடுப்பு, தகரக் கூரை. பதினோரு மணிக்கு தேவகி போன் பண்ணினாள். "அக்கா கல்லு மாதிரி விழுந்துட்டாங்க. உடம்பு கொதிக்குது, ஒரு பொட்டு வேர்வ இல்லீங்க."

நானும் டாக்டர் அன்வரும் போய்ச் சேர்ந்தபோது ஆஸ்பத்திரியில் ஐஸ் வைத்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் அன்வர் கருவியின் பதிவை இறக்கிப் பார்த்து வரிசையாகச் சொன்னார். வெக்கை ஏறியதும் தோலுக்கு ரத்தம் வேண்டியிருந்தது, இதயம் ஓடப் பார்த்தது. இணக்கி அதைப் பிடித்து நிறுத்தியது. தோல் வியர்க்கப் பார்த்தது, அதையும் அடக்கியது. கிட்னி தண்ணீரைச் சேமிக்கப் பார்த்தது, அதைத் திறந்துவிட்டது. மூளை தாகம் தாகம் என்றது, அதைத் தணித்தது.

"ஒவ்வொரு உறுப்பும் சரியான நேரத்துக்குச் சரியாத்தான் குரல் கொடுத்திருக்கு. ஒண்ணுக்காக ஒண்ணு எழுந்து நின்னிருக்கு. நம்ம கருவி எல்லாரையும் சத்தம் போடாம உட்காருன்னு சொல்லிடுச்சு. இந்தம்மா உடம்புல அது வெயிலையே பார்த்ததில்லை." கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "ஓய்வுன்னுதானே எழுதியிருந்தது. எதுக்கு அடுப்படிக்குப் போனாங்க?"

அக்கா உள்ளே மயக்கத்தில் இருந்தாள். "சொல்லச் சொல்லக் கேக்காம போயிட்டாங்க சார்" என்றேன்.

அப்படித்தான் அறிக்கையில் எழுதினார்கள். நோயாளி அறிவுரையை மீறினார். யோசித்துப் பார்த்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. எத்தனை பொய் சொன்னாலும் அந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடாகாது.

பிழைத்துக்கொண்டாள். ஆனால் இனி அந்தப் பதினான்கு நாளைத்தான் அவள் வாழ வேண்டும். என் ஃபிளாட், இருபத்தினாலு டிகிரி, உப்பில்லாத கஞ்சி, ஒன்பது மணிக்குத் தூக்கம். மெஸ்ஸை தேவகி பார்த்துக்கொண்டாள். நான் ஆசைப்பட்டது அப்படியே நடந்துவிட்டது.

மூன்றாவது வாரம் தேவகி பார்க்க வந்தாள். முந்தின நாள் சாம்பாரைச் சுடவைத்துப் பரிமாற வேண்டியதாகிவிட்டது என்று பேச்சுவாக்கில் சொன்னாள். பழைய அக்காவாக இருந்தால் அந்த இடத்திலேயே அவளை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். இவள் எழுந்து நின்றாள், வாயைத் திறந்தாள், அப்புறம் மெல்ல உட்கார்ந்துவிட்டாள். தேவகி போன பிறகு நெஞ்சைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"அம்மிணி, கோவம் வருது. ஆனா உடம்புக்கு வரமாட்டேங்குது. மேல ஏறி வந்து பாதியில நின்னு போயிருது. அழுவலாம்னாலும் அப்புடித்தான். இது என்ன நோக்காடு?"

எனக்குத் தெரியும் அது என்ன என்று. கோபம் என்பது மனசில் மட்டும் இருக்கிற சங்கதி இல்லை. சிறுநீரகத்தின் மேலே இருக்கிற சுரப்பி எழுந்து, இதயம் ஓடி, மூச்சு ஏறி, முகத்துக்கு ரத்தம் பாய்ந்து, எல்லோரும் ஒட்டுக்கா வந்து சேர்ந்தால்தான் கோபம். அந்தப் பதினான்கு நாளில் பன் வாங்கிய அன்று ஒரே ஒரு தடவை வந்த கோபத்தை, 'விதிவிலக்கு' என்று நானே பதிவிலிருந்து நீக்கியிருந்தேன்.

"இதத் தொறந்து மறுக்காப் பழக்க முடியுமா? நான் என்ற அடுப்படியிலயே இருந்து பழக்கறேன். விழுந்தா விழுந்துட்டுப் போறேன்."

"பாக்கலாம்க்கா" என்றேன்.

திறந்தால் பழைய பதிவை எடுத்து ஆராய்வார்கள். படிவத்தில் எழுதியது வெளியே வரும். என் வேலை போகும் என்பது சின்ன விஷயம். அந்த மாதம்தான் இணக்கியைப் பொதுமக்களுக்குக் கொடுக்க அரசு ஒப்புதல் வரவேண்டியிருந்தது. ஒப்புதல் வரட்டும், அடுத்த வாரமே சொல்லிவிடுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒப்புதல் வந்தது. விழா வைத்தார்கள். அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் என்று நாலு மாதம் போய்விட்டது. கருவி வைத்துக்கொண்டவர்களின் வீட்டிலிருந்து நன்றிக் கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன. அப்பா இப்போது எரிந்து விழுவதில்லை. மாமியார் எதற்கும் குறை சொல்வதில்லை. வீட்டில் சத்தமே இல்லை. ஒருநாள் மத்தியானம் பழைய பதிவுகளை எடுத்து வரிசையாகப் பார்த்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு பேரில் இருநூற்று எழுபது பேரின் பழக்க நாட்கள் துடைத்த பலகைகள். எல்லோரும் டாக்டருக்குப் பயந்து நல்லவர்களாக இருந்திருக்கிறார்கள். எல்லாவற்றின் கீழும் என் கையெழுத்து.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து உப்புமா கிளறும்போது கவனமெல்லாம் அந்தப் பதிவுகளில்தான் இருந்தது. அடிப்பிடித்துக் கருகிவிட்டது. கொட்டப்போனவள், வேண்டுமென்றே அதைத் தட்டில் வைத்து அக்காவிடம் நீட்டினேன். ரவையை வறுக்கும் வாசனையை வைத்தே குறை கண்டுபிடிப்பவள் அவள். ஒரு வார்த்தை திட்டுவாள் என்று எதிர்பார்த்து நின்றேன். கடைசி வாய்வரை நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு, "நல்லாருக்குது" என்றாள். முகத்தில் கேலி இல்லை.

நான் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். படிவம், பொய், ஆஸ்பத்திரியில் பழியை அவள்மேல் போட்டது, நாலு மாதம் இழுத்தடித்தது. "என்னை அடிக்கா" என்று அவள் கையைப் பிடித்து என் கன்னத்தில் வைத்துக்கொண்டேன். அந்தக் கை சும்மா இருந்தது. மணிக்கட்டில் நாடியை எண்ணினேன், எழுபத்திரண்டு.

"விடு அம்மிணி. வேணும்னேவா பண்ணினே? நடந்தது நடந்துபோச்சு" என்றாள்.

மறுநாள் டாக்டர் அன்வரிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை, உட்காரச் சொல்லவும் இல்லை. "நாலு மாசத்துக்கு முன்னாடி அவங்களே கேட்டாங்கன்னு சொல்றே. அன்னைக்கே வந்திருந்தா போதுமேம்மா" என்றார். பிறகு அதிகாரிக்கு எழுதினார்.

எஸ்தர் ராணி என்ற அந்த அதிகாரி ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வந்தார். நல்ல பெண்மணி. விதிப்படி நான் அறைக்கு வெளியே இருக்க வேண்டும். கதவுக்குப் பக்கத்தில் நின்றேன்.

"அம்மா, இந்தக் கருவியைத் திறந்து மறுபடி பழக்கணும்னு நீங்க கேட்டா செய்வாங்க. உங்க மெஸ்ஸிலயே பதினாலு நாள் இருக்கலாம். கொஞ்சம் ஆபத்து இருக்கு, ஆனா ஆள் போட்டுப் பாத்துக்குவாங்க. உங்களுக்கு வேணுமா?"

கேளக்கா, கேளு, என்று நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எதுக்குங்க வீண் சிரமம்" என்றாள் அக்கா. "எனக்கு ஒரு கொறையும் இல்லீங்க."

"மெஸ்ஸை மறுபடி நடத்த ஆசையில்லையா?"

"ஒரு காலத்துல இருந்துச்சுங்க. தேவகி பாத்துக்கறா. அவளும் பொழைக்கணுமல்லங்க."

"யாராவது இப்படிச் சொல்லணும்னு உங்களை வற்புறுத்தினாங்களா?"

"ஐயோ, இல்லீங்க. என்ற தங்கச்சி தங்கமாப் பாத்துக்கறா."

எஸ்தர் ராணி வெளியே வந்ததும் அவரைக் கூடத்திலேயே மறித்தேன். "மேடம், பேசறது அக்கா இல்லீங்க. வேணும்னு கேக்கறதுக்கே உடம்புல ஒரு வேகம் வேணும். அந்த வேகத்தைத்தான் கருவி அமுக்கிட்டிருக்குது. நாலு மாசத்துக்கு முன்னாடி அவங்களே வாய்விட்டுக் கேட்டாங்க."

"அன்னைக்கு எழுதிக் கொடுத்திருந்தாங்களா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"தெளிவாப் பேசறாங்க, தேதி, பேர் எல்லாம் கரெக்டாச் சொல்றாங்க. சொந்தக்காரங்க பேச்சை நான் எடுத்துக்கக் கூடாதும்மா. உங்க கம்பெனி கேட்டு வாங்கின விதிதானே" என்றார். குரலில் கடுமை இல்லை. கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். நோயாளி தன் சுயவிருப்பத்தின்படி மறுத்தார் என்பதற்கு உடன் வசிப்பவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். அக்காவின் கையெழுத்து ஏற்கெனவே மேலே இருந்தது. பிசிறில்லாமல், கோடு போட்ட மாதிரி.

"இந்த வேலையில எத்தனையோ பேரைப் பாக்கறேன். இவ்வளவு பொறுமையான ஒருத்தங்களைப் பாத்ததில்லை" என்று பேனாவை நீட்டினார். "இப்படி ஒரு அக்கா கிடைக்க நீங்க கொடுத்து வெச்சிருக்கணும்."

"ஆமாங்க" என்று சொல்லி, அவர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.